ஏழு கிணறுகளையும் ஒதுக்கிய பாதை

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், வடமாலபேட்டையைத் தாண்டி ஆலங்கண்டிகைக்குத் திரும்பும் முனையில் கார்கள் வந்து வரிசை கட்டும். எல்லாம் திருப்பதிக் கார்கள். கதவைத் திறந்தால் முதலில் நாய் குதிக்கும், பின்னால் அதை வளர்ப்பவர் கயிற்றோடு இழுபட்டுக்கொண்டு இறங்குவார். அவர்களை வரவேற்க யமுனா முன்னதாகவே வந்து நின்றிருப்பாள். பேருக்குத்தான் வரவேற்பு. செக்போஸ்ட்டில் லாரியை மறிப்பவர்கள்கூட அவளைவிடக் கொஞ்சம் சிரித்த முகமாக இருப்பார்கள்.

"ஊசி அட்டை காட்டுங்க சார். அட்டை இல்லாத நாய் கார்லயே இருக்கட்டும். கயிறு கைய உட்டுப் போகக் கூடாது. ஆட்டுக் கும்பல் வந்தா நாய உக்கார வையுங்க, ஆடு போனப்புறம் நடங்க. கடலக் கொல்லையில கால் வைக்காதீங்க. நாய் போனத அவங்கவங்க பையில எடுத்துக்கினு போகணும். இது யார் ஊட்டுக் குப்பைமேடும் இல்ல."

இதையே மறுபடி தெலுங்கிலும் சொல்வாள். வந்தவர்களில் பாதிப் பேர் வாரம் தவறாமல் வருபவர்கள், எல்லாம் மனப்பாடம். ஆனாலும் ஒருவரும் குறுக்கே பேச மாட்டார்கள். கடைசியாக ஒன்று சொல்வாள், அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போய்விடும்.

"யார் மேலயாவது பல்லு பட்டுச்சுன்னா, ஓடற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவணும். நெறைய நேரம் கழுவணும். அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. வேற எங்கியும் போகக் கூடாது."

ஆஸ்பத்திரியை விட்டு வேறு எங்கே போவார்கள் என்று திருப்பதிக்காரர்களுக்குப் புரிந்ததில்லை. ஆலங்கண்டிகைக்காரர்களுக்குப் புரியும். அவர்கள் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

இந்த நடை ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னாலும் டவுன்காரர்கள் நாயோடு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அபார்ட்மெண்ட் வாசலில் நடக்க விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார் என்று, ஊர்ப் புறம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஏரிக்கரையில் அவிழ்த்து விட்டார்கள். நாய்கள் ஆடுகளைத் துரத்தின. சினையாடு ஒன்று மிரண்டு ஓடி வாய்க்காலில் விழுந்து குறைமாதத்தில் குட்டி போட்டுவிட்டது. ஊரே தடியோடு திரண்டபோது நடுவில் போய் நின்றவள் யமுனா. அவள் திருப்பதியில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் அந்தக் காரில் வந்தவர்களை அவளுக்குத் தெரியும், அவர்களுக்கும் அவளைத் தெரியும். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு ஒரு ஏற்பாடு செய்தாள். வாரத்தில் ஒரு நாள், ஒரே கும்பலாக, அவள் சொல்லும் பாதையில், அவள் சொல்லும் விதத்தில். டவுன் நாய் ஒன்று நடக்க வந்தால், அதை வளர்ப்பவர் ஊர் நாய் ஒன்றுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட வைக்க வேண்டும். அந்த நிபந்தனையில் மட்டும் அவள் அசைந்து கொடுக்கவில்லை. இன்று ஆலங்கண்டிகையில் திரியும் நாய்கள் ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நாடா இருக்கிறது.

பாதைதான் வேடிக்கை. ரோட்டு முனையிலிருந்து ஏரிக்கரைக்கு நேராக ஒரு வண்டிப்பாதை உண்டு. யமுனாவின் பாதை அதில் போகாது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒடித்துத் திரும்பும், மாந்தோப்பைச் சுற்றும், கரும்புக் கொல்லை வரப்பில் இறங்கி ஏறும், பிறகு வீடுகளின் கொல்லைப்புறமாக நுழைந்து, மாட்டுக் கொட்டகைகளை உரசிக்கொண்டு ஏரிக்கு வரும்.

"ஏம்மா யமுனா, நேரா போனா பத்து நிமிஷம். நம்மள எதுக்கு இப்படி கிரிவலம் சுத்த வைக்கற?" என்று முரளிதரன் அடிக்கடி கேட்பார். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் புத்தூர்ப் பக்கம், இப்போது திருப்பதியில் அலிபிரிக்குக் கிட்டே வீடு. அவருடைய நாய்க்குப் பெயர் சிம்பா. பெயர்தான் சிங்கத்துடையது, ஓணான் ஓடினாலே அவர் காலுக்குப் பின்னால் ஒளியும்.

"இது நல்ல பாதை சார்," என்பாள் யமுனா. அதோடு சரி.

பொய். அது கிணறுகளை ஒதுக்கிய பாதை. ஆலங்கண்டிகையைச் சுற்றி ஏழு கிணறுகள். அதில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல் ரோட்டிலிருந்து ஏரிக்குப் போக வேண்டுமானால் இந்த ஒரு வழிதான் உண்டு.

அவளுக்குப் பத்து வயது நடக்கும்போது தம்பி சந்திரசேகருக்கு ஏழு. தெருவில் கிடந்த குட்டி ஒன்றுக்கு அவன் சோறு வைத்தான், அது அவன் மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டது. சின்னக் காயம். அந்தக் காலத்தில் ஊருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நாய் கடித்தால் ஏழு கிணறு பார்க்க வேண்டும். கடிபட்டவன் ஒவ்வொரு கிணற்றிலும் எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீரில் அவன் முகம் தெரிந்தால் விஷம் இறங்கிவிட்டது. நாயின் முகம் தெரிந்தால்தான் ஆபத்து, அப்போது புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நைனா முனிசாமி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அம்மா செங்கம்மா மஞ்சளும் வேப்பிலையும் எடுத்துக்கொண்டு பின்னால். யமுனாவின் வேலை, தம்பி எட்டிப் பார்க்கும்போது அவன் அரைஞாணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது. ஒவ்வொரு கிணற்றிலும் நைனா கேட்டார், "தெரியுதாடா?" ஒவ்வொரு கிணற்றிலும் அவன் கத்தினான், "தெரியுது!" கிணறு அதைத் திருப்பிச் சொல்ல, அவனுக்கு ஒரே சிரிப்பு. திருவிழாவுக்குப் போனவன் மாதிரி இருந்தான். ஏழாவது, ஏரிக்குக் கீழே இருக்கும் பெரிய கிணறு. அதில் யமுனாவும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கண்ணாடி போலத் தண்ணீர். அதில் முன்பல் விழுந்த வாயோடு தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். செங்கம்மா கிணற்றைப் பார்த்துக் கும்பிட்டாள். எல்லாரும் வீட்டுக்கு வந்து சோறு தின்றார்கள்.

ஏழு கிணறும் நல்லது என்று சொன்னதால் யாரும் ஊசிக்குப் போகவில்லை.

காயம் ஆறி, தழும்பும் மறைந்த பிறகு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் அதைப் பார்த்துச் சுவரோரம் ஒண்டிக்கொண்டான். ஏழு கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்த பிள்ளை, ஒரு சொம்புத் தண்ணீரைப் பார்த்து அலறினான். அதற்குப் பிறகு நடந்ததை யமுனா யாரிடமும் சொன்னதில்லை. அது சொல்லக்கூடியதும் இல்லை.

நைனா அதற்கப்புறம் நன்றாகப் பேசியே யாரும் பார்க்கவில்லை. நாலைந்து வருஷத்தில் அவரும் போய்விட்டார். செங்கம்மா மட்டும் நின்றாள். ஒத்தையாளாகக் கூலிக்குப் போய் யமுனாவைத் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படிக்க வைத்தாள். ஆனால் அம்மாவும் மகளும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. ஒரே ஒரு முறை, யமுனா வாயைத் திறந்தபோது, "கிணறு பொய் சொல்லாதுடி" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டாள். அமாவாசைக்கு அமாவாசை பெரிய கிணற்று மேட்டில் விளக்கு வைத்துவிட்டு வருவாள். யமுனா கூடப் போனதில்லை.

அவளால் போக முடியாது. கிணற்றில் எட்டிப் பார்த்தால் அவன் அங்கே இருப்பான். ஓட்டைப் பல்லோடு, சிரித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல். இதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. நகரியில் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பின்பக்கம் ஒரு கிணறு இருந்தது. அதில் தண்ணீர் சேந்த மாட்டேன் என்றாள், காரணமும் சொல்ல மாட்டேன் என்றாள். மாமியார் எத்தனை நாள் பொறுப்பாள்? இரண்டு வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

பிறகுதான் திருப்பதியில் அந்த நாய் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தாள். நாயால் தம்பியைப் பறிகொடுத்தவள் நாய்களோடா வேலை பார்ப்பாள் என்று ஊர் வாயில் கை வைத்தது. முதல் நாள் ஒரு குட்டிக்கு வெறிநோய் ஊசி போட்டதை யமுனா பார்த்தாள். டாக்டர் யாரோடோ போனில் பேசிக்கொண்டே போட்டார். குட்டி 'கீ' என்றது, முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. துடைப்பத்தை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய், ஆட்டோ சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி அழுதாள். அன்றிலிருந்து அந்த வேலையை அவள் விடவில்லை. அட்டெண்டர் ஆனாள், நாய்களைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள், ஞாயிற்றுக்கிழமை நடையும் வந்து சேர்ந்தது.

நாயைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் வருவது செங்கம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஞாயிறானால் கதவைச் சாத்திக்கொள்வாள். நடை அவள் வீட்டுக் கொல்லையைத் தாண்டித்தான் போகும். யமுனா தன் சட்டதிட்டங்களை அங்கே ஒரு முறை உரக்கச் சொல்லாமல் போக மாட்டாள்.

தை மாதம் கடைசி ஞாயிறு. மாந்தோப்பெல்லாம் பூ. கும்பல் வீடுகளின் பின்புறம் நுழைந்துகொண்டிருந்தது. யமுனா முன்னால் போய் ஒரு ஆட்டுக் கும்பலை நிறுத்தி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தேன்மொழியின் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவள் மகள் காவ்யா ஓடி வந்தாள். ஆறு வயசு, கையில் ரஸ்க். முரளிதரன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், கயிறு இரண்டு விரலில் தொங்கியது. ஓணானுக்குப் பயந்த சிம்பா ரஸ்க்குக்குப் பயப்படவில்லை. தாவியது. குழந்தை வீல் என்றாள்.

யமுனா திரும்பிப் பார்த்தாள். சின்ன மணிக்கட்டு. ரத்தம்.

வாரம் தவறாமல் எல்லாருக்கும் பாடம் நடத்தியவளுக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. சோப்பும் தண்ணீரும் ஆஸ்பத்திரியும் எங்கோ போய்விட்டன. நட்ட மரமாக நின்றாள். காவ்யா அழுதுகொண்டே பக்கத்தில் திறந்திருந்த ஏதோ ஒரு கதவுக்குள் ஓடியது மட்டும் கண்ணில் பட்டது. அதற்குள் சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. முரளிதரனின் சட்டையை யாரோ பிடித்தார்கள், நாயைக் கொல்லணும் என்று ஒருவர் கட்டையைத் தூக்கினார். மற்ற நாய்களெல்லாம் ஒரே குரைப்பு. யமுனா சுதாரித்துக்கொண்டு நடுவில் விழுந்தாள். சிம்பாவின் ஊசி அட்டையைத் தூக்கிக் காட்டினாள். முரளிதரன் கைகூப்பி நின்றார். ஒவ்வொரு நாயாகக் காரில் ஏற்றி, ஒவ்வொரு ஆளாகச் சமாதானம் பண்ணி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. இதற்கு நடுவே பிள்ளையை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க என்று நாலு தடவை கத்தினாள். யாரோ கொண்டுபோயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

அப்போது கொல்லை வேலையை விட்டுவிட்டுத் தேன்மொழி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"யமுனாக்கா, எம் புள்ள எங்க? உங்கம்மா தூக்கினு போனாங்கன்றாங்க! இப்பதான் ஏரிக்குக் கீழ, கிணத்துப் பக்கம் போனாங்களாம், பாத்தவங்க சொல்றாங்க!"

காவ்யா ஓடி நுழைந்தது தங்கள் வீட்டுக் கதவில் என்று யமுனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் அம்மா, அன்று ஏன் திறந்தாளோ. ஓடிப் போய் வீட்டைப் பார்த்தாள். ஆள் இல்லை. அம்மாவின் போன் அலமாரியில் கிடந்தது. குழாயடி ஈரமாக இருந்தது. அதைப் பார்த்தாள், ஆனால் அதை யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. அவள் காதில் ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. கிணறு பொய் சொல்லாதுடி.

"நீ ரோட்டுக்குப் போய் ஆட்டோ நிறுத்து தேனு. நான் இட்டுனு வரேன்," என்று ஓடினாள்.

ஏரிக்குக் கீழே மூன்று கிணறுகள். அம்மா எந்தக் கிணற்றில் ஆரம்பித்திருப்பாள், எதில் இருப்பாள் என்று தெரியாது. இருபத்தைந்து வருஷமாகச் சுற்றிப் போனவள், குறுக்கு வழியில் வண்டிப்பாதையைப் பிடித்து ஓடினாள். முதல் கிணறு இடிந்து, முள் மண்டிக் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தாள். அடியில் பாட்டிலும் பாலிதீனும், தண்ணீர் இல்லை. இருந்தும் அங்கிருந்து ஒரு சின்னக் குரல் தன்னைக் கூப்பிட்டது போலிருந்தது. அடுத்ததில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர், அதில் ஏதோ அசைந்தது. தவளையா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. பின்னால் யாரோ வெறுங்காலோடு ஓடி வருகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பெரிய கிணற்று மேடு தெரிந்தது. அதன் மேல் அம்மாவின் முதுகு தெரிந்தது.

செங்கம்மா கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் காவ்யா. இருவரும் குனிந்து கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா!"

யமுனா பாய்ந்து குழந்தையைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"ஒருத்தன கொன்னது போதாதா உனுக்கு? இன்னொருத்தி ஊட்டுப் புள்ளயுமா வேணும்? மூஞ்சி தெரிஞ்சிச்சா? நல்லா தெரிஞ்சிச்சா? கும்பிட்டுட்டியா?"

காவ்யா முகத்தைச் சுளித்தாள்.

"அத்த, அந்தக் கைய புடிக்காதீங்க. வலிக்குது. அது ஊசி போட்ட கை."

தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் கழுவிச் சுத்தமான காயம், மேலே மருந்து. யமுனா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பால் வண்டி கெளம்பிக்கினு இருந்திச்சு," என்றாள் செங்கம்மா, மெதுவாக. "அதுல ஏறி வடமாலபேட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். போன ஊட்லயே மறந்துட்டேன். நர்ஸம்மா இருந்தாங்க. சோப்பு போட்டுக் கழுவினீங்களான்னு கேட்டாங்க. கை மரத்துப் போறவரைக்கும் கழுவினேம்மான்னேன். யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னாங்க. எம் பொண்ணு வாரா வாரம் எங்க ஊட்டுக் கொல்லையில நின்னு கத்துவாளே, செவுட்டுக்குக்கூடக் கேக்கும்னேன். மூணாம் நாளு திரும்ப இட்டுனு வரச் சொல்லியிருக்காங்க. தேனுகிட்ட சொல்லிடு, மறந்துடப் போறா."

யமுனா அம்மாவின் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"அப்ப இங்க எதுக்கும்மா வந்த?"

"அவன்கிட்ட சொல்லத்தான்." செங்கம்மா கிணற்றைக் காட்டினாள். "ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்து உக்காந்துக்கினு இருப்பேன். சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. உனுக்கு ஊசி போடாம உட்டுட்டேன்டான்னு ஒரு தாய் எப்படிச் சொல்லுவா? இன்னிக்குச் சொன்னேன். பாத்துக்கோடா, இவளுக்குப் போட்டுட்டேன்னு சொன்னேன்."

அவள் அழவில்லை. முந்தானையால் காவ்யாவின் மூக்கைத் துடைத்தாள்.

"கிணறு பொய் சொல்லலடி யமுனா. தண்ணியில எட்டிப் பாத்தா மூஞ்சி தெரியாம வேற இன்னா தெரியும்? யாரு பாத்தாலும் தெரியும். சாவறவன் பாத்தாலும் தெரியும். அவனுக்கு ஒடம்பு தூக்கிப் போட்ட அன்னிக்கே எனுக்கு அது புரிஞ்சிடுச்சு. ஒத்துக்கத்தான் முடியல."

யமுனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் சோப்பு வாசனை இன்னும் இருந்தது. தான் நடத்திய பாடம் தனக்கே மறந்துபோன நேரத்தில், கதவுக்குப் பின்னால் இருந்து வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது மறக்கவில்லை. அம்மாவைப் பற்றி இத்தனை வருஷமாக நினைத்ததையெல்லாம் எண்ண வெட்கமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

காவ்யா ஒரு கல்லை எடுத்துக் கிணற்றில் போட்டாள். 'தொபக்' என்று சத்தம் எழுந்து அடங்கியது. ரோட்டிலிருந்து தேன்மொழி கூப்பிடும் குரல் கேட்டது.

"போலாம்மா," என்றாள் யமுனா.

"இரு. வந்தது வந்த. ஒரு தடவ பாத்துட்டு வா. உன்னக் கேட்டுக்கினே இருப்பான்."

அவள் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு குழந்தையைப் பிடிப்பதற்காகக் குனிந்தவள், அப்படியே எட்டிப் பார்த்தாள். கல் விழுந்த தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. முகங்கள் உடைந்து உடைந்து சேர்ந்தன. அம்மாவுடையது ஒன்று, காவ்யாவுடையது ஒன்று, தன்னுடையது ஒன்று. தண்ணீர் முழுதாக அடங்குவதற்கு முன்னால், தன் தோளுக்குக் கீழே, அரைஞாணைப் பிடிக்க அவள் கை போகும் இடத்தில், இன்னொன்று.

செங்கம்மா கிணற்றைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது," என்றாள் யமுனா. கிணறு அதைத் திருப்பிச் சொன்னது.